ஆயர் சொன்ன பொய்: 'ஏழை படும் பாடு' நாவலில் கிறிஸ்துவக் குறியீடுகளும் விழுமியங்களும்



"ஆயரே பொய் சொல்றாரே டீச்சர், அதைப் போய் எப்படி நற்பண்புன்னு எழுதுறது?"

விக்டர் ஹியூகோவின் நாவலை வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி இப்படிக் கேட்டாள். அதுவரை எல்லாரும் பட்டியல்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். மன்னிப்பு, அன்பு, இரக்கம், தியாகம், நேர்மை என்று ஐந்து விழுமியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சம்பவம். நன்னெறிக் கல்விப் பாடத்தில் பழகிய முறைதான். அந்த முறையில் எழுதினால் ஓரளவு புள்ளி கிடைக்கும். ஆனால் அந்த மாணவியின் கேள்விக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. நேர்மையும் இரக்கமும் ஒரே காட்சியில் மோதிக்கொண்டால் எதை எழுதுவது?

இந்தக் கட்டுரை அவளுடைய கேள்விக்கு விடை தேடிப் பார்க்கிறது. உங்கள் பாடநூலில் இந்த நாவல் இல்லாமல் இருக்கலாம். குறியீடும் விழுமியமும் எந்த நாவலிலும் கேட்கப்படும் கேள்விகள்தாம். இதில் பழகிக்கொண்டால் மற்றதிலும் கை வரும்.

நாவலைப் பற்றிச் சுருக்கமாக

ஹியூகோ இந்த நாவலை 1862இல் வெளியிட்டார். அப்போது அவர் பிரான்சை விட்டு வெளியேறி, கெர்ன்சி தீவில் வாழ்ந்துகொண்டிருந்தார். தமிழில் இதைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று கொடுத்தார். அதே பெயரில் 1950இல் திரைப்படமும் வந்தது. நாகையா நாயகனாக நடித்தார். காவல் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அந்தப் பாத்திரத்தின் பெயரே ஒட்டிக்கொண்டு, கடைசிவரை 'ஜாவர் சீதாராமன்' என்றே அழைக்கப்பட்டார். பெயரைக் கேட்டதும் நம் தாத்தா பாட்டிகளுக்கு முகம் நினைவுக்கு வரும்.

கதை இதுதான். அக்காவின் ஏழு பிள்ளைகள் பசியில் கிடக்க, ஜான் வால்ஜான் ஒரு ரொட்டியைத் திருடுகிறான். தண்டனை ஐந்து ஆண்டு. தப்பிக்க முயன்றதற்கெல்லாம் சேர்த்துப் பத்தொன்பது ஆண்டு ஆகிவிடுகிறது. 1815இல் வெளியே வரும்போது அவன் கையில் இருப்பது 'இவன் ஆபத்தானவன்' என்று காட்டிக்கொடுக்கும் மஞ்சள் நிறச் சீட்டு. எந்த விடுதியும் இடம் தரவில்லை. டீஞ் நகரத்து ஆயர் மிரியேலின் வீட்டுக் கதவு மட்டும் பூட்டாமல் இருக்கிறது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துவக் குறியீடுகள் நிறைந்த இந்த நாவலைக் கத்தோலிக்கத் திருச்சபை 1864இல் தன் தடைநூல் பட்டியலில் சேர்த்தது. ஹியூகோ கடவுளை நம்பினார். ஆனால் எந்தத் திருச்சபையின் சடங்கும் தனக்கு வேண்டாம் என்றார். 1885இல் இறந்தபோது, அவர் விருப்பப்படியே ஏழைகளுக்கான சவ வண்டியில்தான் அவர் உடல் போனது. ஆகவே இந்த நாவலைச் 'சமயப் பிரசாரம்' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீங்க. கிறிஸ்துவத்தின் கதைகளை எடுத்து, அவற்றால் சமுதாயத்தையும் சமயத்தையும் சேர்த்தே சோதித்துப் பார்க்கிறார் அவர்.

தெரிந்திருக்க வேண்டிய நான்கு கதைகள்

நம் வகுப்பில் எல்லாச் சமய மாணவர்களும் இருக்கிறார்கள். குறியீட்டைப் புரிந்துகொள்ள அந்தச் சமயத்தை நம்ப வேண்டியதில்லை. கதை தெரிந்தால் போதும்.

ஒன்று, யூதாஸ். இயேசுவின் சீடர்களில் ஒருவன். முப்பது வெள்ளிக்காசுக்கு அவரைக் காட்டிக்கொடுத்தான்.

இரண்டு, கெத்சமனி தோட்டம். பிடிபட்ட இரவில், அதற்குச் சற்று முன், இந்தத் துன்பம் தன்னைவிட்டு நீங்கக்கூடாதா என்று இயேசு ஒலிவ மரங்களுக்கிடையே மன்றாடிய இடம்.

மூன்று, சிலுவை சுமத்தல். தான் அறையப்படப்போகும் சிலுவையை அவரே சுமந்து சென்றது.

நான்கு, உயிர்ப்பு. கல்லறையிலிருந்து மூன்றாம் நாள் எழுந்தது.

இந்த நான்கும் நாவலுக்குள் வேறு உருவத்தில் வருகின்றன. இனி அவற்றைத் தேடுவோம்.

வெள்ளிக்கு வாங்கிய ஆன்மா

ஆயர் வால்ஜானை மேசையில் உட்கார வைத்து, 'ஐயா' என்று அழைத்துச் சாப்பாடு போடுகிறார். வீட்டில் இருக்கும் ஒரே ஆடம்பரம் வெள்ளிக் கரண்டிகளும், குடும்ப வழியில் வந்த இரண்டு வெள்ளி மெழுகுவர்த்தித் தாங்கிகளும்தான். நள்ளிரவில் வால்ஜான் கரண்டிகளைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். காலையில் காவலர்கள் அவனைப் பிடித்து வருகிறார்கள். ஆயர் அவனைப் பார்த்து, தாங்கிகளையும்தானே கொடுத்தேன், ஏன் விட்டுவிட்டுப் போனாய் என்று கேட்கிறார். காவலர்கள் போன பிறகு, அவனுடைய ஆன்மாவைத் தான் விலைக்கு வாங்கிக் கடவுளிடம் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார்.

இந்தக் காட்சியில் மன்னிப்பு இருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆயர் 'மன்னித்தேன்' என்று பேசவில்லை. 'வாங்கினேன்' என்று பேசுகிறார். ஏன் வியாபாரச் சொல்?

நம் மொழியே இதற்கு விடை வைத்திருக்கிறது. தமிழ்க் கிறிஸ்துவர்கள் இயேசுவை 'மீட்பர்' என்பார்கள். அடகுக் கடையில் வைத்த நகையைப் பணம் கட்டித் திரும்ப எடுப்பதையும் 'மீட்பது' என்றுதான் சொல்கிறோம். அடகில் கிடப்பதை யாரோ ஒருவர் விலை கொடுத்து எடுத்தால்தான் அது வெளியே வரும். வால்ஜான் பத்தொன்பது ஆண்டு வெறுப்பிடம் அடகில் கிடந்தவன். ஆயர் வெள்ளியைக் கட்டி அவனை மீட்கிறார். யூதாஸ் வெள்ளியை வாங்கிக்கொண்டு ஒரு நல்லவரை விற்றான். ஆயர் வெள்ளியைக் கொடுத்து ஒரு குற்றவாளியை வாங்குகிறார். அதே உலோகம், நேர் எதிர் வியாபாரம்.

இப்போது அந்த மாணவியின் கேள்வி. ஆயர் சொன்னது பொய்தானா? காட்சியைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்க. காவலர்கள் வருவதற்கு முன்பே, வெள்ளி காணோம் என்று பணிப்பெண் பதறியபோது, அது நம்முடையதா என்று ஆயர் திருப்பிக் கேட்கிறார். அது ஏழைகளுக்கு உரியது, இவ்வளவு நாள் நான்தான் தவறாக வைத்திருந்தேன், எடுத்துப் போனவனும் ஏழைதானே என்கிறார். அதாவது, அவர் மனத்தளவில் வெள்ளி அப்போதே கைமாறிவிட்டது. காவலர்களிடம் அவர் சொன்னது நடந்ததைப் பொறுத்தவரை பொய். அவர் மனத்தைப் பொறுத்தவரை உண்மை.

இந்த இடத்தில் பல மாணவர்கள் உடனே திருக்குறளின் வாய்மை அதிகாரத்துக்குப் போய்விடுவார்கள். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மைக்கு நிகர் என்ற கருத்து அங்கே இருக்கிறது. பொருத்தமான ஒப்பீடுதான், எழுதுங்க. ஆனால் அதோடு பேனாவை வைத்துவிடாதீங்க. ஏனென்றால் ஹியூகோ அந்தப் பொய்க்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். அது பிறகு வசூலுக்கு வருகிறது.

மனம் ஒரே நாளில் மாறுவதில்லை

ஆயரிடமிருந்து கிளம்பிய அதே நாளில் வால்ஜான் மறுபடியும் திருடுகிறான். ஜெர்வே என்ற சிறுவனின் நாற்பது சூ நாணயம் உருண்டு வர, அதன்மேல் காலை வைத்து மறைத்துக்கொள்கிறான். சிறுவன் அழுதபடி போன பிறகுதான் தான் செய்தது என்ன என்று அவனுக்கு உறைக்கிறது. பையனைத் தேடி ஓடுகிறான், கத்திக் கூப்பிடுகிறான். கிடைக்கவில்லை. கடைசியில் உட்கார்ந்து அழுகிறான்.

தேர்வு விடைகளில் இந்தச் சம்பவம் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். 'ஆயர் மன்னித்தார், வால்ஜான் திருந்தினான்' என்று ஒரே தாவலில் தாண்டிவிடுவோம். ஆனால் ஹியூகோ தாண்டவில்லை. ஆயரின் வெள்ளிக்காக வால்ஜான் அழவில்லை. ஒரு சிறுவனின் சில்லறைக் காசுக்காக அழுதான். தனக்கு இரக்கம் கிடைத்தபோது திகைத்துத்தான் போனான். தான் இரக்கம் காட்டத் தவறியபோதுதான் திருந்தினான்.

அது மட்டுமல்ல, ஆயரின் மன்னிப்பு சட்டத்தின் கணக்கை அழிக்கவில்லை. அந்த நாற்பது சூ திருட்டு, பின்னால் அவனைத் துரத்தும் குற்றங்களில் ஒன்றாகிறது. இந்த நாவலில் அருள் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அது சும்மா இருக்க விடாது.

நெருப்பில் போட முயன்ற தாங்கிகள்

ஆண்டுகள் கழித்து வால்ஜான் வேறொரு ஊரில் மதலேன் என்ற பெயரில் தொழிற்சாலை நடத்தி, நகர மேயராகவும் இருக்கிறான். பெயரைக் கவனியுங்க. மதலேன் என்பது மகதலா மரியாளின் பிரெஞ்சுப் பெயர். மேற்கத்திய மரபில் மனம் திருந்திய பாவியின் அடையாளம். ஊரார் அறியாமலே அவனைத் 'திருந்தியவன்' என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆயரின் தாங்கிகள் அவன் அறையில் இருக்கின்றன.

அப்போது ஒரு செய்தி வருகிறது. ஷாம்மாத்தியே என்ற கிழவன், ஆப்பிள் திருடிய வழக்கில் மாட்டி, 'இவன்தான் வால்ஜான்' என்று தவறாக அடையாளம் காணப்பட்டிருக்கிறான். அராஸ் நகர நீதிமன்றத்தில் விசாரணை. மேயர் வாயைத் திறக்காவிட்டால் அந்தக் கிழவனுக்கு ஆயுள் தண்டனை; மேயருக்கு நிரந்தர விடுதலை.

அன்று இரவு முழுவதும் வால்ஜான் தன்னோடு வாதாடுகிறான். நான் போய்விட்டால் என்னை நம்பியிருக்கும் தொழிலாளிகள் என்ன ஆவார்கள்? நோயில் கிடக்கும் ஃபான்டீனின் குழந்தையை யார் காப்பாற்றுவார்கள்? சாக்குகள் எல்லாமே நியாயமாகத்தான் இருக்கின்றன. பழைய மூட்டை முடிச்சுகளை நெருப்பில் எரிக்கிறான். பிறகு தாங்கிகள் கண்ணில் படுகின்றன. அவற்றையும் உருக்கி அழித்துவிட நினைக்கிறான். ஒன்றை எடுத்து அதனாலேயே தணலைக் கிளறுகிறான். அந்தக் கணத்தில் தன் பெயர் சொல்லி யாரோ கூப்பிடுவதுபோல் உள்ளுக்குள் ஒரு குரல். தாங்கிகளைத் திரும்ப அதே இடத்தில் வைக்கிறான்.

அந்த இரவை ஹியூகோ கெத்சமனி இரவோடு வெளிப்படையாகவே ஒப்பிடுகிறார். ஆனால் அந்த ஒப்பீட்டைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது தாங்கிகளின் இடம். ஒளி தருவதற்கான பொருளை, சாட்சியை அழிக்கும் கருவியாக மாற்ற முயல்கிறான், முடியவில்லை. மறுநாள் நீதிமன்றத்துக்குப் போய், வால்ஜான் நான்தான் என்று சொல்கிறான். அதற்குள் அவன் தலைமுடி வெளுத்துவிட்டது.

இங்கேதான் கணக்கு நேராகிறது. ஒரு பொய்யால் வால்ஜானுக்கு விடுதலை கிடைத்தது. ஒரு உண்மையைச் சொல்லி அந்த விடுதலையை அவன் திருப்பிக் கொடுக்கிறான். ஆயர் தன் வெள்ளியை இழந்து ஒருவனைக் காப்பாற்றினார். வால்ஜான் தன் பெயரையும் பதவியையும் இழந்து முன்பின் தெரியாத ஒருவனைக் காப்பாற்றுகிறான். ஆயரின் பொய்யும் வால்ஜானின் உண்மையும் ஒரே விழுமியத்தின் இரண்டு முகங்கள். இரண்டிலும் பேசுபவர் எதையோ இழக்கிறார், எதிரே இருப்பவர் பிழைக்கிறார்.

பிறகு சிம்ப்ளிஸ் என்ற கன்னியாஸ்திரி வருகிறார். வாழ்நாளில் ஒரு பொய்கூடச் சொல்லாதவர். தப்பி வந்த வால்ஜான் அதே அறையில் மறைந்திருக்க, ஜாவர் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கும் அவர் பொய்யே சொல்கிறார். தன்னிடம் இருந்த மிகப் பெரிய சொத்தான வாய்மையையே அவர் கொடுத்துவிடுகிறார். அவருடைய வெள்ளி அதுதான்.

ஒழுக்கத்தின் பெயரால் செய்த கொடுமை

பட்டியல் போடும் பழக்கத்துக்கு இந்த நாவல் கொடுக்கும் பலமான அடி ஃபான்டீனின் கதையில் இருக்கிறது.

மதலேனின் தொழிற்சாலையில் பெண்கள் ஒழுக்கமாக இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல நோக்கத்தோடு போட்டதுதான். விக்துர்னியன் என்ற பக்தி மிகுந்த அம்மாள், ஃபான்டீனுக்குத் திருமணமாகாமல் பிறந்த குழந்தை இருப்பதைத் துருவிக் கண்டுபிடிக்கிறாள். வேலை போகிறது. குழந்தையை வளர்ப்பவர்கள் மேலும் மேலும் பணம் கேட்க, ஃபான்டீன் முதலில் தன் கூந்தலை விற்கிறாள், பிறகு முன்பற்களை, கடைசியில் தன்னையே.

இங்கேயும் விற்பனைதான் நடக்கிறது, கவனிச்சீங்களா? ஆயர் ஒரு மனிதனை விலை கொடுத்து மீட்டார். அப்படி மீட்கப்பட்டவனுடைய தொழிற்சாலையே ஒரு பெண்ணைத் துண்டு துண்டாக விற்க வைக்கிறது. வால்ஜானுக்கு அது தெரியாது என்பது உண்மை. அதற்காக அவன் பொறுப்பு இல்லாமல் போகவில்லை. அவனுக்கே அது புரிகிறது. அதனால்தான் அவளுடைய குழந்தை கொசெத்தைத் தேடிப் போகிறான். போய்ச் சேர்வது 1823ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவு. இருட்டில் தன்னைவிடப் பெரிய வாளியைத் தூக்க முடியாமல் தூக்கி வரும் அந்தப் பிள்ளையின் கையிலிருந்து வாளியை அவன் வாங்கிக்கொள்கிறான். கிறிஸ்து பிறந்த இரவில், யாருக்கும் வேண்டாத ஒரு குழந்தைக்கு ஒரு தகப்பன் கிடைக்கிறான்.

'ஒழுக்கம்' ஒரு விழுமியம் என்று நாம் எழுதுவோம். விக்துர்னியன் அம்மாளும் அதைத்தான் எழுதியிருப்பாள். இரக்கம் இல்லாத இடத்தில் ஒழுக்கமே ஆயுதமாகிவிடும் என்பதை இந்த நாவல் சொல்கிறது. விழுமியங்களைத் தனித்தனியாக எண் போட்டு எழுதினால் இந்த உண்மை வெளியே வராது.

ஒரே பரிசு, இரண்டு பேர்

1832 ஜூன். பாரிஸ் தெருவில் கிளர்ச்சி. உளவு பார்க்க வந்த ஜாவர் பிடிபடுகிறார். அவரைச் சுடும் பொறுப்பு வால்ஜானிடம் வருகிறது. வால்ஜான் கட்டுகளை அறுத்து, தன் முகவரியையும் சொல்லி, போகச் சொல்கிறான். டீஞ் நகரத்தில் தனக்குக் கிடைத்ததை அப்படியே ஜாவருக்குக் கொடுக்கிறான்.

அதே பரிசு வால்ஜானை எழுப்பியது, ஜாவரை முறித்துவிடுகிறது. சட்டம்தான் நன்மை, நன்மைதான் சட்டம் என்று வாழ்ந்தவர் அவர். குற்றவாளி ஒருவன் தன்னைவிட உயர்ந்தவனாக இருக்க முடியும் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. சேன் நதியில் குதித்துவிடுகிறார்.

ஜாவரைக் 'கெட்டவர்' என்று எழுதாதீங்க. அவர் லஞ்சம் வாங்கியதில்லை, பொய் சொன்னதில்லை, கடமை தவறியதில்லை. பட்டியலில் அவருக்கு முழுப் புள்ளி கிடைக்கும்! நதியில் குதிப்பதற்கு முன் அவர் உட்கார்ந்து, காவல் பணியைச் சீர்படுத்துவதற்கான சில குறிப்புகளை எழுதுகிறார். அவற்றில் கைதிகள் கல்தரையில் வெறுங்காலோடு நிற்கவேண்டியிருப்பதைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. வாழ்நாள் முழுவதும் கைதிகளைத் துரத்தியவருக்குக் கடைசி இரவில் அவர்களுடைய கால் குளிர் நினைவுக்கு வருகிறது. அவருக்குள்ளும் இரக்கம் நுழைந்துவிட்டது. ஆனால் அதை அலுவலகக் குறிப்பாக எழுதத்தான் அவருக்குத் தெரிந்தது.

தாங்குதல்

அதே நாளில் வால்ஜான், காயம்பட்டு மயங்கிக் கிடக்கும் மாரியஸைத் தோளில் போட்டுக்கொண்டு பாரிஸின் கழிவுநீர்ச் சுரங்கத்துக்குள் இறங்குகிறான். மாரியஸ் கொசெத்தைக் காதலிப்பவன். வால்ஜானிடமிருந்து அவளைப் பிரித்துக்கொண்டு போகப்போகிறவன். அவனைத்தான் சுமக்கிறான். அந்தப் பகுதியின் அத்தியாயத் தலைப்பிலேயே ஹியூகோ சிலுவையைக் குறிப்பிட்டுவிடுகிறார். ஆகவே சிலுவைக் குறியீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. அது எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். ஹியூகோ சிலுவையை மலை உச்சியில் நடவில்லை, சாக்கடையில் இறக்கிவிட்டார்.

நாவல் முழுக்க வால்ஜான் எதையாவது தாங்கிக்கொண்டே இருக்கிறான். கிழவன் ஒருவனை நசுக்கிக்கொண்டிருந்த வண்டியை முதுகால் தூக்குகிறான். கொசெத்தின் வாளியைச் சுமக்கிறான். மாரியஸைச் சுமக்கிறான். ஒருமுறை சவப்பெட்டிக்குள் படுத்து, குழிக்குள் இறங்கி, உயிரோடு வெளியே வருகிறான். உயிர்ப்பின் சாயல் அதில் உண்டு. மெழுகுவர்த்தித் தாங்கிக்கு நம் மொழியில் உள்ள பெயரே அவனுக்கும் பொருந்துகிறது. தான் எரியாது, எரிவதைத் தாங்கி நிற்கும்.

கடைசி வெளிச்சம், ஒரு குறை

வால்ஜான் இறக்கும் நாளில், கோடைப் பகல் வெளிச்சம் இன்னும் இருக்கும்போதே, தாங்கிகளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறான். பாதிரியார் வேண்டுமா என்று கேட்டபோது, இருக்கிறார் என்பதுபோல் மேலே காட்டுகிறான். தாங்கிகளைக் கொசெத்துக்குக் கொடுத்துவிட்டு, இவற்றைத் தந்தவர் தன்னைப் பற்றித் திருப்தியாக இருக்கிறாரோ என்னவோ, தன்னால் ஆனதைச் செய்ததாகச் சொல்கிறான். டீஞ் நகரத்திலிருந்து ஏறத்தாழ பதினெட்டு ஆண்டு ஆகிவிட்டது. இன்னும் அவனுக்குச் சந்தேகம் தீரவில்லை. அந்த வெள்ளி அவனுக்குச் சொத்தாக இருக்கவே இல்லை. பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகவே இருந்தது.

விமர்சனம் என்றால் குறையும் சொல்ல வேண்டும். கடைசிப் பகுதியில் வால்ஜான் தன் பழைய கதையை மாரியஸிடம் சொல்லிவிட்டு, கொசெத்தைவிட்டுத் தானே விலகி, தனிமையில் வாடுகிறான். இது உண்மை பேசுதலா, தன்னைத்தானே தண்டித்துக்கொள்வதா? எனக்கு இரண்டாவதாகத்தான் படுகிறது. ஊருக்கெல்லாம் மன்னிப்புக் கொடுத்தவன் தனக்கு மட்டும் கொடுக்க மறுக்கிறான். கொசெத்துக்கு இந்த முடிவில் எந்தப் பங்கும் தரப்படவில்லை. ஆண்கள் இருவர் பேசி முடிவெடுக்கிறார்கள். தியாகத்தை உயர்த்திக் காட்டும் அவசரத்தில் அந்தப் பெண்ணின் மனத்தை நாவல் கேட்காமலே விட்டுவிடுகிறது. நீங்கள் இதை மறுக்கலாம். சான்று காட்டி மறுத்தால் அதுவும் நல்ல விடைதான்.

விடை எழுதும்போது

ஒரு குறியீட்டைக் கண்டால் மூன்று கேள்வி கேட்டுப் பழகுங்க. அது எந்தெந்த இடத்தில் திரும்ப வருகிறது? ஒவ்வொரு முறையும் பாத்திரத்திடம் எதைக் கேட்கிறது? அதற்கு அவர் கொடுத்த விலை என்ன?

'வெள்ளித் தாங்கிகள் மன்னிப்பைக் குறிக்கின்றன' என்பது தொடக்கம் மட்டுமே. இப்படி நீட்டிப் பாருங்க: 'ஆயரின் வீட்டில் மன்னிப்பாக வந்த தாங்கிகள், அராஸ் விசாரணைக்கு முந்தைய இரவில் மனச்சாட்சியாக மாறுகின்றன. அவற்றை அழிக்க முயன்று தோற்ற வால்ஜான், தன் விடுதலையை விலையாகக் கொடுத்து முன்பின் அறியாதவனைக் காப்பாற்றுகிறான்.' இரண்டே வாக்கியம்தான். குறியீடு, விழுமியம், சான்று மூன்றும் ஒன்றாக வந்துவிட்டன.

வகுப்பில் கலந்துரையாட மூன்று கேள்விகள்:

1. சிம்ப்ளிஸ் சொன்ன பொய்யும் ஆயர் சொன்ன பொய்யும் ஒன்றா? வேறுபடுத்தி விளக்குக.

2. ஜாவரிடம் உள்ள நற்பண்புகளைப் பட்டியலிடுக. அவை அவரைக் காப்பாற்றாததற்குக் காரணம் என்ன?

3. ஃபான்டீனின் வீழ்ச்சியில் வால்ஜானுக்குப் பொறுப்பு உண்டா? உங்கள் கருத்தைச் சான்றுடன் நிறுவுக.

அந்த மாணவிக்கு நான் சொன்ன பதிலோடு முடிக்கிறேன். "ஆயர் பொய் சொன்னது நற்பண்புன்னு எழுதாதே. அந்தப் பொய்யைப் பொய்யாக்காம இருக்க வால்ஜான் ஆயுசு முழுக்க என்ன பாடுபட்டான்னு எழுது." ஆயர் அவன் திருடன் அல்ல என்று காவலர்களிடம் சொல்லிவிட்டார். அன்றைக்கு அது பொய். அவன் அதை உண்மையாக்கிக் காட்டினான். ஒரு பிள்ளையைப் பார்த்து, 'நீ நல்ல பிள்ளை' என்று நாம் முன்கூட்டியே சொல்லி வைப்பதும் இப்படித்தானே, ஆசிரியர்களே?